கண்ணிவாரிக் கலங்கள்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன், ஐயப்பன்தாங்கல்)

ஐயப்பன்தாங்கல் கடற்கரையூர் அன்று. தாங்கல் என்பது ஏரியினும் சிறியதொரு நீர்நிலையைக் குறிக்கும் சொல்லாதலின், எங்கள் ஊரார்க்குப் பெயரளவில் உரிய நீரும் மழைநீரேயாம். பூவிருந்தவல்லிச் சாலையில் பேருந்து ஏறிப் போரூரையும் வடபழனியையும் கடந்து, நகரத்தைக் குறுக்கே முழுதும் அளந்த பின்னரே யாங்கள் கடலைக் காணல் கூடும். சென்ற விடுமுறையில் என் தம்பியை அங்ஙனம் அழைத்துச் சென்று கடற்கரை மணலில் அமர்ந்திருந்தேன். தொலைவில் இரண்டு மூன்று கப்பல்கள் துறைமுகத்திற்குள் புகும் முறை நோக்கி நின்றுகொண்டிருந்தன. அவற்றை நெடுநேரம் பார்த்திருந்த தம்பி, “அண்ணா, தண்ணீருக்கு அடியிலே ஒன்றும் இல்லை என்று அந்தக் கப்பலுக்கு யார் சொல்லுவார்கள்?” என்று வினவினான். கலங்கரை விளக்கம் என்றேன், கடற்படம் என்றேன், வழிகாட்டும் மாலுமி என்றேன். அவன் தலையசைத்து அமைந்தான். என் மனமோ அமையவில்லை. பாறையையும் மணல்திட்டையும் கடற்படம் காட்டும். மனிதன் வேண்டுமென்றே நீருக்கடியில் மறைத்து வைத்த அழிவை எப்படம் காட்டும்?

அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்த ஒரு வகைச் சிறு கப்பல்களின் வரலாறு என் கைக்குக் கிட்டியது. அவற்றுள் ஒன்று நம் சென்னையின் பழம்பெயராகிய மெட்ராஸ் என்பதையே தன் பெயராகப் பூண்டிருந்தது. பெருங்கப்பல்களின் போர்களை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். இச்சிறு கலங்களைப் பற்றி நம்மில் அறிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் யான் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றேன்.

கண்ணி என்னும் சொல்

தமிழில் கண்ணி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தலையிற் சூடும் மாலை கண்ணி. இரண்டடியால் இயன்ற பாட்டும் கண்ணி. தாயுமானவர் அருளிய பராபரக்கண்ணியைத் தமிழ் கற்போர் எல்லாரும் அறிவர். வேடன் புதரில் ஒளித்துப் புள்ளையும் முயலையும் அகப்படுத்தும் சுருக்குக் கயிறும் கண்ணியே. இம்மூன்றாவது பொருளிலிருந்தே கண்ணிவெடி என்னும் புதுச்சொல் பிறந்தது. ஆங்கிலத்தார் சுரங்கத்தைக் குறிக்கும் சொல்லையே இக்கருவிக்கும் பெயராக்கினர். தமிழரோ கருவியின் தோற்றத்தை விடுத்து அதன் குணத்தைக் கண்டு பெயரிட்டனர். வேடன் அவ்விடத்தில் இல்லாதபோதும் வேட்டையாடுவது கண்ணி. யார் வருகிறார் என்று பாராமலே பற்றுவது கண்ணி. இவ்விரு குணங்களும் கடற்கண்ணிக்கு முற்றும் பொருந்தும்.

பழைய வகைக் கடற்கண்ணி இரும்பால் ஆகிய பெரியதோர் உருண்டை. அதனுள்ளே வெடிமருந்தும், மிதத்தற்கு வேண்டிய வெற்றிடமும் உண்டு. கடற்றரையில் கிடக்கும் எடையொன்றுடன் இரும்பு வடத்தால் பிணிக்கப்பட்டு, அலைமட்டத்திற்குச் சில அடி கீழே அது கண்ணுக்குத் தோன்றாது நிற்கும். அதன் மேற்புறத்தில் ஈயத்தால் ஆகிய கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்பினுள்ளும் அமிலம் அடைத்த கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கும். கப்பலின் அடிப்பாகம் கொம்பில் மோதியவுடன் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் வழிந்து மின்கலமாகி வெடியைக் கொளுத்தும். கண்ணி பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். அக்குழல் உடையும் நொடி வரையில் அதற்குப் பசியும் இல்லை, முதுமையும் இல்லை.

இவ்வழிவு நமக்கு எட்டாத் தொலைவில் நிகழ்ந்தது என்று எண்ணற்க. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததை நகரத்தார் மறந்திலர். எம்டன் என்பது அஞ்சத்தக்க ஆளைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே தமிழில் நிலைத்துவிட்டது. ஆயின் அதே போரில் 1917-ஆம் ஆண்டு வுல்ஃப் என்னும் மற்றொரு ஜெர்மானியக் கப்பல் ஒரு குண்டும் சுடாமல் கொழும்புக்கும் பம்பாய்க்கும் அருகே இரவில் கண்ணிகளை இட்டுச் சென்றது. பிப்ரவரியில் வுஸ்டர்ஷயர், பெர்சியூஸ் என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கு அருகே மூழ்கின. ஜூன் மாதத்தில் மங்கோலியா என்னும் பயணிகள் கப்பல் பம்பாய்க்கு அருகே மூழ்கியது. அவை மூழ்கியபோது வுல்ஃப் அவ்விடத்தில் இல்லை. முழங்கிய எம்டன் தமிழ்ச் சொல்லாயிற்று. முழங்காத வுல்ஃபின் பெயரை நம்மில் ஒருவரும் அறியார். ஓசையின்றி வரும் கேட்டை மக்கள் எளிதில் நினைவில் வைப்பதில்லை. அக்கேட்டினை ஓசையின்றி நீக்குவோர் நிலையும் அத்தகையதே என்பதை மேலே காண்போம்.

வாரும் முறை

தென்பாண்டி நாட்டில் துடைப்பத்தை வாரியல் என்பர். கண்ணிகளைக் கடலினின்றும் வாரிக் களையும் கப்பலைக் கண்ணிவாரி என்று வழங்கின் தகும் என்பது என் கருத்து. வாரி என்னும் சொல் கடலையும் குறிக்கும் ஆதலின் அப்பெயர்க்கு இருமடங்கு பொருத்தம் உண்டு.

கண்ணிவாரி தன் பின்புறத்தில் நீண்ட எஃகு வடம் ஒன்றை நீரில் இழுத்துச் செல்லும். வடத்தின் கடைசியில் மீன்வடிவான மிதவை ஒன்று கொடியுடன் மிதக்கும். அம்மிதவைக்குக் கீழே பலகைகள் கோத்த கருவி ஒன்று தொங்கும். அதனை ஆங்கில மாலுமிகள் நீர்நாய் என்று செல்லமாக அழைத்தனர். நீரின் எதிர்ப்பினால் அது கப்பலினின்றும் விலகிப் பக்கவாட்டில் ஓடும். ஓடுங்கால் வடத்தையும் அகல இழுத்துப் பரப்பும். கப்பலின் அருகில் வடத்தைக் குறித்த ஆழத்தில் அமிழ்த்துவதற்கு வேறொரு பலகைக் கருவி உண்டு. அதன் பெயர் பட்டம். இம்முறை முழுவதற்கும் ஓரோபெசா என்று பெயர். அதனை முதலில் சோதித்துப் பார்த்த மீன்பிடி கப்பலின் பெயரே முறைக்கும் பெயராயிற்று. வடத்தின் முறுக்கு அரம்போல் அறுக்கும் தன்மையது. கண்ணியைப் பிணித்த கயிறு வடத்தில் அகப்பட்டு அறுபட்டவுடன் கண்ணி மேலெழுந்து மிதக்கும். பின்னர் மாலுமிகள் தொலைவில் நின்று துப்பாக்கியால் சுட்டு அதனை வெடிக்கச் செய்வர், அல்லது துளையிட்டு மூழ்கச் செய்வர்.

இக்கப்பல்கள் தனித்துச் செல்வதில்லை. படிக்கட்டுப் போன்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து செல்லும். இரண்டாவது கப்பல் முதற்கப்பலின் வடம் வாரிய நீரிலும், மூன்றாவது இரண்டாவதன் வடம் வாரிய நீரிலும் செல்லும். ஆதலின் பின்வரும் கப்பல்களுக்கெல்லாம் ஓரளவு காவல் உண்டு. முதற்கப்பல் ஒன்றுமட்டும் எவரும் வாராத நீரில் செல்லவேண்டும். அதற்கு முன்னே வடம் இல்லை. கடல் மட்டுமே உண்டு. இவ்வரிசையின் இயல்பை அறிந்த நாள்முதல், முன்னே செல்பவன் என்னும் எளிய தொடரை யான் முன்போல் எளிதாக எழுத முடியவில்லை.

1939-ஆம் ஆண்டில் இத்தொழில் மேலும் அரிதாயிற்று. ஜெர்மானியர் காந்தக் கண்ணிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். அவை கயிற்றில் நில்லாமல் ஆழங்குறைந்த நீரின் தரையிலேயே கிடந்து, மேலே செல்லும் இரும்புக் கப்பலின் காந்த ஈர்ப்பினை உணர்ந்து வெடிப்பவை. அறுப்பதற்குக் கயிறே இல்லையாதலின் பழைய வடத்தால் பயன் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள் தேம்ஸ் ஆற்று முகத்தில் ஷூபரினெஸ் என்னுமிடத்துச் சேற்றில், வானூர்தி இட்ட கண்ணி ஒன்று நீர்வடிந்தபோது வெளிப்பட்டது. ஜான் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி அதனைத் தம் கையாலேயே பிரித்து அதன் உட்பொருளை உலகுக்கு வெளிப்படுத்தினார். அவர் கை நடுங்கியிருப்பின் அந்த மறை அவருடனே அழிந்திருக்கும். அதன்பின் இரண்டு கப்பல்கள் இணையாகச் சென்று, மிதக்கும் மின்வடங்களை இழுத்து, ஒரே நொடியில் இரண்டிலும் மின்னைப் பாய்ச்சி, தரையிற் கிடக்கும் கண்ணியை ஏமாற்றி வெடிக்கச் செய்யும் முறை தோன்றியது. ஓசையைக் கேட்டு வெடிக்கும் கண்ணிகள் வந்தபோது, நீரில் பேரோசை எழுப்பும் கருவிகளும் வந்தன. மேலும் சில கண்ணிகளில் எண்ணும் பொறி ஒன்று அமைத்திருந்தனர். முதலிற் செல்லும் சில கப்பல்களை எண்ணி விட்டுவிட்டு அதன்பின் வரும் கப்பலைக் கொல்லும் வஞ்சப் பொறி அது. எனவே ஒருமுறை வாரிய வழியை மீண்டும் மீண்டும் வாரவேண்டியதாயிற்று.

கடல் காணா ஊர்களின் பெயர்

இத்தொழிலுக்கெனப் பல நாடுகள் பலவகைக் கப்பல்களைக் கட்டின. அவற்றுள் ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டது பாத்தர்ஸ்ட் வகை. எட்டுக் கப்பற்றளங்களில் மொத்தம் 60 கலங்கள் உருவாயின. நீளம் 186 அடி. அகலம் 31 அடி. எடை ஏறத்தாழ 650 டன். வேகம் மணிக்கு 15 கடல்மைல். மாலுமிகள் ஏறத்தாழ 85 பேர். நீராவிப் பொறியால் இயங்கியவை. கண்ணி வாருதற்கெனப் பிறந்தனவேனும், வணிகக் கப்பல்களுக்குத் துணை செல்லல், நீர்மூழ்கிகளைத் தேடல், படைவீரரை ஏற்றியிறக்கல், மூழ்கியோரை மீட்டல் ஆகிய எல்லாப் பணிகளையும் இவை செய்தன. பெரிய குடும்பத்தில் எடுபிடி வேலை அனைத்தும் இளைய பிள்ளையின் தலையில் விழுவதுபோல, போர்க்காலத்தில் சிறு கப்பல்களின்மேல் வேலைகள் குவிந்தன.

ஆஸ்திரேலியர் தம் கலங்களுக்குத் தம் நாட்டுச் சிற்றூர், சிறுநகர்களின் பெயரை இட்டனர். பாத்தர்ஸ்ட், ஆர்மிடேல், பெண்டிகோ, காசில்மெயின் முதலியன யாவும் கடற்கரையினின்றும் விலகிய உள்நாட்டு ஊர்கள். அலையோசை கேளாத அவ்வூர்களின் பெயர்கள் கப்பல்களின் முகப்பில் ஏறிப் பெருங்கடலைச் சுற்றின. தாங்கலின் பெயர் பூண்ட ஊரிற் பிறந்த யான் கடலைப் பற்றி எழுதுவது மிகை என்று எண்ணுவோர்க்கு இதுவே என் விடையாகும்.

அறுபதனுள் நான்கு, இராயல் இந்தியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்டவை. அவற்றுக்கு இந்திய மாகாணங்களின் பெயர்களாகிய பஞ்சாப், பம்பாய், மெட்ராஸ், பெங்கால் என்பன சூட்டப்பட்டன. பஞ்சாபும் பம்பாயும் சிட்னி நகரத்து மோர்ட் தளத்திலும், மெட்ராஸும் பெங்காலும் அந்நகரத்துக் காக்கட்டூ தீவுத் தளத்திலும் உருவாயின. மெட்ராஸ் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீரில் இறங்கி மே மாதத்தில் பணியேற்றது. அவ்வேளை நம் நகரம் இருந்த நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் கொழும்பின்மேல் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்குண்டன. 9-ஆம் நாள் திருக்கோணமலை தாக்குண்டது. அடுத்தது சென்னையே என்று அஞ்சி நகரமக்கள் மூட்டை முடிச்சுடன் உள்நாட்டை நோக்கி வெளியேறினர். நகரத்தைவிட்டு மக்கள் ஓடிய அந்தக் கோடையிலேயே, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், அந்நகரத்தின் பெயருடைய கப்பல் ஒன்று கடலை நோக்கிப் புறப்பட்டது. பம்பாய் என்னும் கலமோ பணியேற்ற சில வாரங்களுக்குள்ளேயே போரின் முகத்தைக் கண்டது. 1942 மே 31-ஆம் நாள் இரவு ஜப்பானியரின் சிறு நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்தினுள் புகுந்து தாக்கியபோது அது அத்துறைமுகத்தில் இருந்தது.

பெங்காலும் ஆர்மிடேலும்

1942 நவம்பர் 11-ஆம் நாள் பெங்கால் என்னும் கலம், ஒண்டினா என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டிலினின்றும் டீகோ கார்சியாத் தீவை நோக்கி இந்துமாக்கடலில் சென்றுகொண்டிருந்தது. கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஹோகோக்கு மாரு, ஐகோக்கு மாரு என்னும் இரு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. ஒவ்வொன்றிலும் 14 சென்டிமீட்டர் வாயகன்ற பீரங்கிகள் பல இருந்தன. பெங்காலிலோ பகைக்கப்பலை எதிர்க்கத்தக்கது சிறு பீரங்கி ஒன்றே. ஓடித் தப்புதற்கு வேகமும் போதாது. பெங்காலின் தலைவர் வில்லியம் ஜோசப் வில்சன் என்பார், ஒண்டினாவைத் தனியே விலகிச் செல்லப் பணித்துவிட்டு, தம் கலத்தைப் பகைவரை நோக்கி நேரே செலுத்தினார். ஒண்டினாவும் முற்றும் விலகிவிடாது தன்னிடம் இருந்த ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. சிறிது நேரத்தில் ஹோகோக்கு மாருவின்மேல் குண்டு பட்டுத் தீப்பற்றி, அக்கப்பல் வெடித்து மூழ்கியது. அக்குண்டு எக்கப்பலினது என்பதில் இன்றளவும் இருவேறு கருத்துகள் உண்டு.

பெங்காலில் குண்டுகள் தீர்ந்தன. பல இடங்களில் அடிபட்டிருந்தும் அது புகைத்திரை பரப்பி விலகி டீகோ கார்சியாவைச் சேர்ந்தது. ஒண்டினாவின் தலைவர் வில்லெம் ஹார்ஸ்மன் அப்போரில் உயிர்நீத்தார். அக்கப்பல் டார்ப்பீடோக்களால் தாக்குண்டு, மாலுமிகள் படகுகளில் இறங்கிய பின்னும் மூழ்காது நின்றது. பகைக்கப்பல் அகன்றதும் அவர்கள் மீண்டும் ஏறித் தீயை அணைத்து ஃப்ரிமாண்டிலுக்குத் திரும்பினர். பெங்காலார் ஒண்டினா அழிந்தது என்று வருந்தினர். ஒண்டினாவார் பெங்கால் அழிந்தது என்று வருந்தினர். இருவரும் கரைசேர்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அந்நாளில் இந்தியா தன்னுரிமை பெறாத நாடு. பெங்காலில் நின்ற இந்திய மாலுமிகள் எக்கொடியின்கீழ் நின்றனர் என்பதைக் காட்டிலும், தம் காவலில் வந்த கப்பலை விட்டு ஓடாது நின்றனர் என்பதே என் நெஞ்சில் நிற்கின்றது.

அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின், டிசம்பர் 1-ஆம் நாள், அதன் உடன்பிறப்பாகிய ஆர்மிடேல் திமோர்த் தீவுக்கு அருகே ஜப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டது. கப்பல் சாய்ந்து அமிழ்ந்துகொண்டிருக்கையில் டெட்டி ஷீன் என்னும் மாலுமி, காயமுற்றும் படகை நாடாமல், தம்மைத் துப்பாக்கி இருக்கையோடு பிணித்துக்கொண்டு, நீரில் தத்தளித்த தோழரைக் காக்க வானூர்திகளை நோக்கிச் சுட்டவாறே கப்பலுடன் மூழ்கினார். அவர்க்கு அப்போது வயது 18. என்னினும் ஓராண்டு இளையவர். விக்டோரியாச் சிலுவை என்னும் மிக உயர்ந்த விருது 2020-ஆம் ஆண்டில், 78 ஆண்டுகளுக்குப் பின், அவர் பெயர்க்கு அளிக்கப்பட்டது.

போருக்குப் பின்

போர் 1945-இல் முடிந்தது. பெரும் போர்க்கப்பல்கள் ஓய்வு கொண்டன. கண்ணிவாரிகளுக்கோ வேலை அப்போதுதான் மிகுந்தது. சமாதான உடன்படிக்கையில் இடும் கையெழுத்து கடலடியிற் கிடக்கும் கண்ணிக்குத் தெரியாதன்றோ? பாத்தர்ஸ்ட் வகைக் கலங்கள் ஹாங்காங் நீர்ப்பரப்பிலும், பின்னர் ஆஸ்திரேலியக் கரையிலும் வாரும் பணியைத் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்றாகிய வார்னம்பூல் 1947 செப்டம்பர் 13-ஆம் நாள் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் கண்ணி ஒன்றில் மோதி மூழ்கியது. மாலுமிகள் நால்வர் இறந்தனர். போர் முடிந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. அக்கண்ணி பகைவர் இட்டதும் அன்று. போர்க்காலத்தில் தம் கரையைக் காக்கவென்று தம்மவரே இட்டது. இட்டவன் மறந்தாலும் கண்ணி மறவாது. தன்னை இட்டவன் யார் என்பதையும் அது அறியாது. இவ்வொரு நிகழ்ச்சியைக் காட்டிலும் கண்ணியின் இயல்பைத் தெளிவுற விளக்குவது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

கடலில் இவ்வாறாயின் நிலத்திலும் அவ்வாறே. இலங்கையின் வடபகுதியில் போர் 2009-இல் முடிந்தது. முகமாலை முதலிய இடங்களில் மண்ணை விரற்கடை விரற்கடையாகத் தடவிக் கண்ணிகளை எடுக்கும் பணியோ அதன்பின்பும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அப்பணியாளருள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுள் கணவனைப் போரில் இழந்து குடும்பத்தைத் தாமே தாங்குவோரும் உளர். கண்ணியை இடுதற்குச் சில நிமிடங்கள் போதும். எடுத்தற்கு ஒரு தலைமுறை வேண்டும். இட்டவர் பெயர் போர்வரலாற்றில் ஏறும். எடுப்பவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் ஏறும்.

பாத்தர்ஸ்ட் கலங்களின் பிற்கால வாழ்வு பலவிதமாக அமைந்தது. 1946-இல் ஐந்து கலங்கள் துருக்கிக்கும், எட்டுக் கலங்கள் நெதர்லாந்துக்கும் சென்றன. நெதர்லாந்து பெற்றவற்றுள் நான்கு பின்னர்ப் புதிதாய் உரிமை பெற்ற இந்தோனேசியாவுக்குச் சென்றன. 1952-இல் நான்கு கலங்கள் நியூசிலாந்துக்கு அளிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பல பயிற்சிக் கப்பல்களாயின. பல உடைத்து இரும்பாக விற்கப்பட்டன. இன்று அருங்காட்சியகமாக நிற்பன இரண்டே. ஆர்மிடேலுடன் அதே பயணத்திற் சென்று மீண்ட காசில்மெயின், மெல்போர்னை அடுத்த வில்லியம்ஸ்டவுனில் மிதக்கின்றது. வயாலா என்பதைத் தன் பெயருடைய ஊராரே வாங்கி, 1987-இல் நீரினின்றும் ஏற்றி, கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ளே நிலத்தின்மேல் நிறுத்தி வைத்துள்ளனர். ஊரின் பெயரைக் கடலுக்குக் கொண்டுசென்ற கப்பலை ஊரார் தம் நிலத்திற்கே கொண்டுவந்து சேர்த்தனர்.

நம் கலங்களின் கதையோ வேறு. 1947-இல் நாடு பிரிந்தபோது கடற்படையும் பிரிந்தது. கண்ணிவாரிகளுள் பன்னிரண்டு இந்தியாவுக்கும் நான்கு பாகிஸ்தானுக்கும் உரியவாயின. மெட்ராஸ், பம்பாய், பெங்கால் மூன்றும் இந்தியாவின் பங்கில் வந்தன. கர்நாட்டிக் என்னும் பிறிதொரு வகைக் கலமும் அப்பங்கில் இருந்தது. 1950-இல் நாடு குடியரசானபோது அவற்றின் பெயர்களுக்கு முன் நின்ற அரசரின் அடைமொழி நீங்கியது. அடுத்த பத்தாண்டுகள் உழைத்து, 1960-ஆம் ஆண்டையொட்டி அவை பணியினின்றும் நீங்கி உடைக்கப்பட்டன. ஒண்டினாவைக் காத்த பெங்காலின் பலகை ஒன்றையேனும் சென்று தொட்டுப் பார்க்க நமக்கு ஓர் இடம் இல்லை.

வாரும் தொழில் அவற்றுடன் முடிந்துவிடவில்லை. 1956-இல் பிரிட்டனிலிருந்து வந்த கண்ணிவாரிகளுள் ஒன்றுக்குக் கடலூரின் பெயர் இடப்பட்டது. 1970-களின் இறுதியிலிருந்து சோவியத் நாட்டினின்றும் வந்த வரிசையில் முதலாவது புதுச்சேரியின் பெயரைப் பூண்டது. கடலூரின் பெயர் அவ்வரிசையிலும் மீண்டும் வந்தது. அவ்வரிசையின் இறுதிக் கலமாகிய கோழிக்கோடு 2019 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்றது.

முடிவுரை

2016 நவம்பர் 21-ஆம் நாள் ஐ.என்.எஸ். சென்னை என்னும் போர்க்கப்பல் மும்பையில் பணியேற்றது. அதன் எடை 7,500 டன். பழைய மெட்ராஸைப்போல் பத்துக்கு மேற்பட்ட கலங்களை அதன் எடைக்கு ஈடாக வைக்கலாம். நகரத்தின் புதுப்பெயர்க்கு இத்துணைப் பெரிய கப்பல் வாய்த்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பெரிய கப்பல் துறைமுகத்தைவிட்டு அஞ்சாது வெளியேற வேண்டுமாயின், அதற்குமுன் சிறிய கப்பல் ஒன்று அவ்வழியே சென்று மீண்டிருத்தல் வேண்டும். இவ்வுண்மை 1942-இல் போலவே என்றும் மாறாதது.

கண்ணிவாரியின் வெற்றிக்குச் சான்று யாது? அன்று ஒன்றும் நிகழாமையே. கப்பல் வந்தது, சரக்கை இறக்கியது, சென்றது என்று துறைமுகப் பதிவில் ஒரு வரி எழுதப்படும். வெடித்த கண்ணியை வரலாறு எழுதும். வெடிக்காதபடி வாரியெடுத்த கண்ணியை எழுதுவார் இல்லை. நம் வாழ்விலும் இத்தகையோர் உளர். விடியுமுன் கழிவுநீர்க் கால்வாயைச் சீர்செய்வோர், இருப்புப்பாதையில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து நடப்போர், எங்கள் ஊர்த் தாங்கல் போன்ற நீர்நிலைகளின் கரையில் மழைக்குமுன் மண் கொட்டி உயர்த்துவோர் ஆகிய இவர்கள் வேலை செவ்வனே நடக்குங்கால் நமக்குச் செய்தியே இல்லை. செய்தி இல்லாமையே அவர்கள் நமக்குத் தரும் கொடை.

அடுத்த முறை கடற்கரைக்குச் சென்றபோது தம்பியின் வினாவுக்கு விடை கூறினேன். “தண்ணீருக்கு அடியிலே ஒன்றும் இல்லை என்று முன்னே போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்” என்றேன். “அவர்களுக்கு யார் சொன்னார்கள்?” என்றான் அவன். “அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்றேன். அவன் மீண்டும் கடலை நோக்கினான். வரிசையில் நின்ற கப்பல்களுள் ஒன்று அப்போது மெல்லத் திரும்பித் துறைமுகத்திற்குள் புகுந்துகொண்டிருந்தது.